கூகட்பள்ளி நாலாவுக்குப் பரிணாமம் பொறுப்பல்ல

"மனிதன் அடிப்படையில் சுயநலப் பிராணி. ஆதி காலத்திலிருந்தே கிடைத்ததைச் சுருட்டியவன்தான் பிழைத்தான், அவன் வாரிசுகள்தான் நாமெல்லாம். ஏரி நாறுவதும் காடு அழிவதும் அந்த இயல்பின் விளைவு. இயல்பைச் சட்டம் போட்டு மாற்ற முடியுமா?" ஹைதராபாத்தின் சனத்நகரில் எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு தவறாமல் வருகிறது. ஹைடெக் சிட்டியிலிருந்து திரும்பும் மெட்ரோவிலும் இதே பேச்சு, தொலைக்காட்சி விவாதத்திலும் இதே பேச்சு. படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அறிவியலே தீர்ப்பு எழுதிவிட்டதுபோலச் சொல்கிறார்கள். இந்தக் கருத்து தவறானது. இதைச் சொல்லிச் சொல்லியே இந்த ஊரின் தண்ணீரையும் காற்றையும் நாம் கைகழுவிவருகிறோம். அதனால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். உயிரியலில் தொடங்குகிறார்கள்: பல லட்சம் ஆண்டுகள் சிறு கூட்டங்களாக அலைந்த விலங்கு நாம். கண்முன் வரும் புலிக்கும் பாம்புக்கும் பயப்படவும், கிடைத்த தேனை அப்போதே நக்கவும், தன் பிள்ளைக்கு முதலில் ஊட்டவும் பழகிய மூளை இது. இருபது ஆண்டு கழித்து வரும் நோயும், பத்து மைல் தள்ளிச் சாகும் மீனும் அதை அசைப்பதில்லை. அடுத்து பொருளாதாரம்: காரெட் ஹார்டின் 1968இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் கூடுதலாக ஒரு மாட்டை விடுவான். லாபம் அவனுக்கு, நட்டம் எல்லோருக்கும். கடைசியில் புல் மிஞ்சாது. பிறகு வரலாறு: நியூசிலாந்தில் மனிதர் கால்வைத்த ஒன்றிரண்டு நூற்றாண்டுக்குள் மோவா என்ற பெரும்பறவை இனமே வேட்டையில் அழிந்துபோனது. அங்கே தொழிற்சாலையும் இல்லை, ரியல் எஸ்டேட்டும் இல்லை.

இந்த மூன்றையும் நான் தள்ளிவிடவில்லை. இவற்றிலிருந்து இழுத்துவரும் முடிவைத்தான் ஏற்க முடியாது.

1. உயிரியல் அப்படிச் சொல்லவே இல்லை.

ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் எழுதிய நூலின் தலைப்பில் சுயநலம் இருக்கிறது. ஆனால் அது மரபணுவின் சுயநலம். தன் நகல்களைப் பெருக்குவதில் மரபணு காட்டும் முனைப்பு, அதைச் சுமக்கும் மனிதரைத் தியாகியாகவும் ஆக்கும் என்பதே அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி. உறவினருக்காகத் தன்னை இழக்கும் பண்பு எப்படி நிலைபெறும் என்று டபிள்யூ. டி. ஹாமில்டன் 1964இல் கணக்குப் போட்டுக் காட்டினார். உறவில்லாதவருக்கும் உதவி, திரும்ப உதவி பெறும் பழக்கம் எப்படி வேரூன்றும் என்று ராபர்ட் டிரைவர்ஸ் 1971இல் விளக்கினார். இவர்களுக்கெல்லாம் முன்னால் டார்வினே, 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதியபோது, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டம் மற்றக் கூட்டங்களை வெல்லும் என்று வாதிட்டார். 'தகுதியுள்ளது தப்பிக்கும்' என்ற சொற்றொடரை உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். நம்மவர்கள் டார்வின் பெயரில் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் ஸ்பென்சரைத்தான்.

மனிதக் குழந்தையைப் பாருங்கள். பெற்றவள் ஒருத்தியால் மட்டும் அதை வளர்த்துவிட முடியாது; பாட்டி, அத்தை, அக்கா, பக்கத்துக் குடிசைக்காரி என்று பல கைகள் வேண்டும். மானுடவியலாளர் சாரா ஹெர்டி இதைத்தான் நம் இனத்தின் அடையாளமாகவே பார்க்கிறார். இன்னொருவர் குழந்தைக்கு ஊட்டிவிட்ட கைகளின் வாரிசுகளும் நாம்தான். சுருட்டியவனை மட்டும் மூதாதை என்று எப்படிச் சொல்வது?

சூரிச் நகரில் மாணவர்களை வைத்து நடத்திய சோதனைகள் உண்டு. ஒரு பொது உண்டியல். அதில் போட்டால் எல்லோருக்கும் பெருகும், போடாமலும் பங்கு கிடைக்கும். ஏறத்தாழ பாதிப் பேர், மற்றவர்கள் போட்டால் தாங்களும் போட்டார்கள், மற்றவர்கள் குறைத்தால் தாங்களும் குறைத்தார்கள். சுமார் மூன்றில் ஒருவர்தான் எதையும் போடாமல் ஓசியில் சவாரி செய்தார். ஆட்டம் தொடரத் தொடர உண்டியல் வற்றியது. இன்னொரு சோதனையில், ஏமாற்றுபவரைத் தண்டிக்கலாம் என்று விதியை மாற்றியதும் உண்டியல் நிறைந்தது. அந்தத் தண்டனைக்குத் தம் கைக்காசைச் செலவழிக்கவும் பலர் தயங்கவில்லை. சோதனைக்கூட மாணவர்கள் உலகத்துக்குப் பிரதிநிதிகள் இல்லைதான். ஆனால் கோடையில் தண்ணீர் லாரி வரும் எந்த ஹைதராபாத் குடியிருப்பிலும் இது நடக்கிறது. எங்கள் கட்டடத்தில் கார் கழுவ பைப்பை நீட்டியவரை மூன்றாம் மாடிப் பாட்டி பால்கனியிலிருந்தபடியே கேட்டார்: "லாரிக்குக் காசு உங்க வீட்டிலிருந்து மட்டுமா போகுது?" பைப் சுருண்டுவிட்டது. ஏமாற்றுபவரைக் கண்டால் கொதிக்கும் அந்தக் கோபமும் பரிணாமம் தந்ததுதான்.

2. ஹார்டின் சொன்னது பொதுநிலமே இல்லை.

அவர் வர்ணித்தது யாரும் கேட்பாரற்ற திறந்தவெளி. பிற்காலத்தில் அவரே, தான் பேசியது நிர்வகிக்கப்படாத பொதுநிலத்தைப் பற்றி என்று திருத்திக்கொண்டார். எலினார் ஆஸ்ட்ரம் ஸ்பெயினின் வாய்க்கால்களையும் சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல்களையும் பிலிப்பைன்ஸின் பாசனக் குழுக்களையும் ஆராய்ந்து, பொதுச் சொத்தை மக்களே நூற்றாண்டுக் கணக்கில் காத்த விதத்தை 1990இல் நூலாக்கினார். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். ஹார்டினை மேற்கோள் காட்டும் நம் பொறியாளர்களில் ஆஸ்ட்ரம் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.

நமக்கு ஸ்பெயின் வரைக்கும் போகத் தேவையில்லை. உத்திரமேரூருக்குப் போனால் போதும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுக்கும் விதிகள் அவை. பதவி ஓராண்டுக்குத்தான். அண்மையில் வாரியம் செய்தவர் மூன்று ஆண்டுக்குத் திரும்ப நிற்க முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை மகன், பெரியன்னை மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் என்று நீண்ட பட்டியல் போட்டு அத்தனை பேரையும் தடுக்கிறது கல்வெட்டு. ஹாமில்டன் கணக்காகப் போட்டுக் காட்டிய உறவுப் பாசம் ஏரியைத் தின்றுவிடும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் ஏரியைக் கைவிட்டார்களா? விதி எழுதினார்கள். இயல்பைப் பற்றி எந்த மயக்கமும் இல்லாதவர்கள் எழுதிய விதி அது.

அது சமத்துவ உலகம் என்று நான் சொல்ல வரவில்லை. வாரியத்தில் நிற்க நிலமும் வேதப் படிப்பும் வேண்டியிருந்தன. பிற்காலத்திலும் தமிழ்நாட்டு ஏரிகளில் மடையைத் திறந்து அடைத்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். தண்ணீரைப் பங்கிட்ட அவர்களுக்கு நிலத்தில் பங்கில்லை. தெலங்கானாவில் அதே வேலை செய்த நீரடிகளின் கதையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. பழைய ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பகிர்ந்து காக்க மனிதனால் முடியாது என்ற வாதம் பொய் என்பதை நிறுவ அந்த ஏரிகள் போதும். மோவாவை அழித்த மாவோரி மக்களே பிற்பாடு குறிப்பிட்ட நீர்நிலையிலும் காட்டிலும் குறிப்பிட்ட காலத்துக்கு எதையும் பிடிக்கக் கூடாது என்று தடைபோடும் ராஹூயி வழக்கத்தைக் கைக்கொண்டவர்கள். மக்கள் அவர்களேதான்.

3. இயற்கை மீதான பிடிப்பு செத்துவிட்டது என்று யார் சொன்னது?

செத்திருந்தால் 'லேக் வியூ' அடுக்ககத்துக்குக் கூடுதல் விலை ஏன்? ஹைதராபாத்தின் புதுக் குடியிருப்பு விளம்பரங்களில் ஏரியோ பசுமையோ வராத பக்கம் குறைவு. தண்ணீரும் மரமும் கண்ணில் பட வேண்டும் என்ற ஏக்கத்தைக் கட்டுமானக்காரர் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்; அதைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். அப்படி வாங்கிய வீட்டின் பால்கனியில் போய் நின்று பாருங்கள். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை, கரையில் கட்டட இடிபாடு, மாலை ஆறு மணிக்கே கொசுவுக்குப் பயந்து இழுத்து மூடிய கண்ணாடிக் கதவு. ஏரிக்கரை முழுவதும் இப்படி ஏக்கப்பட்டு வாங்கியவர்கள்தான் குடியிருக்கிறார்கள்; அவர்களுடைய கழிவுநீரும் அதே ஏரிக்குத்தான் போகிறது. ஏக்கம் இருக்கிறது. அந்த ஏக்கத்தை ஏரியின் நலனோடு இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

எட்வர்ட் வில்சன் 1984இல் இந்த ஈர்ப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதே ஆண்டில் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு, பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து மரம் தெரியும் ஜன்னலருகே படுத்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்றது. சிறிய ஆய்வு, அதன்மேல் கோபுரம் கட்டவேண்டாம்.

தெலங்கானாவில் அதைவிடப் பெரிய சான்று ஆண்டுதோறும் தெருவில் நடக்கிறது. பதுகம்மா பண்டிகைக்குப் பெண்கள் தங்கேடுப் பூவைத் தேடி அலைகிறார்கள். நம் ஆவாரம்பூதான் அது; பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே மஞ்சள். தட்டில் கோபுரமாக அடுக்கி, சுற்றிப் பாடி, குளத்தில் விடுகிறார்கள். சனத்நகரை ஒட்டிய பல்கம்பேட்டையில் எல்லம்மா குடியிருப்பது கிணற்றுக்குள். ஊர் முழுக்கக் கிணறு தூர்ந்துபோன நகரத்தில் அந்தக் கிணற்று நீர் இன்றும் தீர்த்தம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி, சுமார் 15,000 உயிர்களைக் கொண்டுபோனது. அன்று நூற்றைம்பது பேருக்குக் கிளை கொடுத்துக் காத்ததாகச் சொல்லும் புளியமரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. அதே நாளில் அதன் கீழே இன்றும் கூடுகிறார்கள்.

4. காஞ்சா கச்சிபௌலியில் சுயநலம் யாருடையது?

2025 மார்ச் கடைசியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்காக ஏலம் விடுவது மாநில அரசின் திட்டம். நிலம் எங்களுடையது, அது காடே இல்லை என்றது அரசு. தொடர் விடுமுறை நாட்களில், இரவிலும் விளக்குப் போட்டு மரங்களைச் சாய்த்தார்கள். மயில்களின் அலறலை மாணவர்கள் செல்பேசியில் பதிந்து ஊருக்குக் கேட்கவைத்தார்கள். தடியடி வாங்கினார்கள், கைதானார்கள். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வேலையை நிறுத்தியது. அதற்குள் ஏறக்குறைய நூறு ஏக்கர் மொட்டையாகியிருந்தது.

அந்த மாணவர்களுக்கு அங்கே பட்டா கிடையாது. படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறவர்கள். மயில் பிழைத்தால் அவர்களுக்கு ஒரு ரூபாய் வராது. சுயநலமே இயல்பு என்ற கோட்பாட்டில் இவர்களை எங்கே வைப்பீர்கள்? விதிவிலக்கு என்பீர்கள். அப்படியானால், பொதுச் சொத்தைத் தனியார் கையிலோ அரசின் கையிலோ கொடுத்துவிட்டால் பிழைக்கும் என்ற ஹார்டினின் தீர்வையும் இதே 400 ஏக்கரில் வைத்துப் பாருங்கள். இயந்திரத்தை அனுப்பியது அரசு. யாருக்கு விற்க? தனியாருக்கு.

5. 'மனிதன்' என்று பொதுவாகச் சொல்வது குற்றவாளியை ஒளித்துவைக்கிறது.

கூகட்பள்ளி நாலா என்ற ஓடை ஹுசேன் சாகரில் கலக்கிறது. ஹுசேன் சாகர் 1562இல் வெட்டிய ஏரி. ஒரு காலத்தில் ஊருக்குக் குடிநீர் கொடுத்தது. பாலாநகர், சனத்நகர், ஃபதேநகர் தொழிற்கூடங்களின் கழிவும் லட்சக்கணக்கான வீடுகளின் சாக்கடையும் இந்த நாலாவில் சேர்கின்றன. நாலாப் பாலத்தை நெருங்கும்போதே பைக் ஓட்டுபவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். பின்னால் உட்கார்ந்த பெண் துப்பட்டாவை மூக்குவரை ஏற்றுகிறாள். கம்பிவலையில் பாலித்தீன் பைகள் கொத்துக்கொத்தாக மாட்டியிருக்கின்றன, கீழே சாம்பல் நிறத்தில் நுரை. பாலத்தடியில் டீக்கடைக்காரர் எதையும் உணராமல் பாலைக் கொதிக்கவைக்கிறார்.

இதை 'மனிதன்' செய்தானா? நாலாவில் இரவோடு இரவாக டேங்கர் கவிழ்த்தால், சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு யாருக்கோ மிச்சம். அந்த யாரோவுக்குப் பெயர் உண்டு, உரிம எண் உண்டு, உரிமத்தில் கையெழுத்திட்ட அதிகாரி உண்டு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்சேருவின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். எந்த ஆதிமனித உந்துதல் சிப்ரோஃப்ளாக்சசினைத் தயாரித்து ஓடையில் விட்டது?

நல்லமலையில், அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் செஞ்சு மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் ஒரே மூளை, ஒரே உந்துதல்கள். 2019இல் அங்கே யுரேனியம் தேடக் கிளம்பியபோது அவர்களும் ஊர்களும் எதிர்த்து நின்று, மாநிலச் சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் போடும்படி ஆனது. மனித இயல்புதான் காட்டை அழிக்கிறது என்றால் புலி இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில் மனிதர்கள் எப்படி மிச்சமிருக்கிறார்கள்?

6. 26 ஆண்டுகளில் மரபணு மாறிவிட்டதா?

எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும். 1908 வெள்ளத்துக்குப் பிறகு நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. அவர் தந்த திட்டத்தின் வழியே மூசியில் உஸ்மான் சாகர் 1920இலும், ஈசி ஆற்றில் ஹிமாயத் சாகர் 1927இலும் முடிந்தன. வெள்ளமும் அடங்கியது, குடிநீரும் வந்தது. 1996இல் அரசாணை 111, இந்த இரு நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்கு மாசுபடுத்தும் தொழில்களையும் பெரிய கட்டுமானங்களையும் தடுத்தது. விதிவிலக்குக் கேட்டு வந்த ஆலைக்கு எதிராக 2000இல் உச்ச நீதிமன்றமும் உறுதியாக நின்றது. 2022இல் மாநில அரசு இன்னோர் ஆணையால் அந்தத் தடையை நீக்கியது.

1996இல் காத்தவனும் 2022இல் கைவிட்டவனும் ஒரே பரிணாமத்தின் பிள்ளைகள். இடையில் மாறியது உஸ்மான் சாகரை ஒட்டிய கண்டிப்பேட்டைப் பக்கத்து நிலத்தின் ஏக்கர் விலை. அந்த விலையைக் கேட்டு யார் யார் மேசையைத் தட்டினார்கள் என்பதும். இவற்றை ஆராயாமல் ஆதிமனிதனை ஆராய்வது தப்பித்துக்கொள்ளும் வேலை.

7. உந்துதல் மந்தமானது என்றால் அளவுகோல் வேண்டும், விரக்தி எதற்கு?

எதிர்த்தரப்பில் எனக்குப் பிடித்த வாதம் ஒன்று உண்டு: மெதுவாக வரும் ஆபத்தை மூளை உணராது என்பது. முழுக்க உண்மை. நாலாப் பாலத்தடி டீக்கடைக்காரரின் மூக்கு பழுதாகவில்லை. மாறாத வாசனையைச் சில நிமிடங்களில் மறந்துவிடும்படிதான் மூக்கு அமைந்திருக்கிறது, புதிதாக வரும் வாசனையை உடனே பிடிப்பதற்காக. பாம்பைக் கண்டால் துள்ளுகிறோம், மணிக்கு எண்பது கிலோமீட்டரில் தலைக்கவசம் இல்லாமல் போகிறோம். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள்.

சனத்நகரில் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. நுண்துகள் அளவை நாள் முழுக்கப் பதிகிறது. இந்தியாவின் ஒருநாள் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். குளிர்காலத்தில் அதைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. மூக்கு மறந்ததை அந்த எந்திரம் மறப்பதில்லை. உந்துதல் போதாத இடத்தில் எந்திரத்தையும் கணக்கையும் தண்டனையையும் வைப்பதற்குத்தான் மனிதர்கள் நாகரிகம் என்ற ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். இனிப்பு மேல் ஆசை பரிணாமம் தந்தது என்பதற்காக எந்த மருத்துவரும் நீரிழிவு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை.

8. இந்தக் கருத்தால் லாபம் யாருக்கு?

நாலா ஓரத்துக் குடிசைகளில் இருப்பவர்களுக்கு நிச்சயமாக இல்லை. இயல்புதான் குற்றவாளி என்றால் கோப்பை மூடிவிடலாம்; அபராதம் வேண்டாம், வழக்கு வேண்டாம். மக்கள் திருந்தமாட்டார்கள் என்றால் அவர்களைக் கேட்காமலே முடிவெடுக்கலாம், இடித்துத் தள்ளலாம், ஏலம் விடலாம். ஆக்கிரமிப்பை அகற்ற 2024 ஜூலையில் உருவான ஹைட்ரா என்ற அரசு அமைப்பு, மாதாப்பூரில் பிரபல நடிகர் ஒருவரின் அரங்கத்தைக் குளத்து ஆக்கிரமிப்பு என்று இடித்தபோது ஊர் கைதட்டியது. அதே இயந்திரம் உழைக்கும் மக்களின் வீட்டு வாசலுக்கு வந்தபோது கைதட்டல் நின்றது. ஆனால் அதே ஹைட்ரா 2025இல் ஆம்பர்பேட்டையில் குப்பை மேடாகிக் கிடந்த பதுகம்மா குண்டாவைத் தோண்டியபோது நீர் ஊறியது. அந்த ஆண்டு பண்டிகைக்கே குளம் திறந்தது. எல்லாம் முடிந்துபோனது என்று சொல்பவர்கள் ஒருமுறை ஆம்பர்பேட்டை வரைக்கும் போய்வர வேண்டும்.

சனத்நகருக்கும் பாலாநகருக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு தொழிற்கூட வாசலிலும் அன்றன்று எவ்வளவு கழிவுநீர் உருவானது, அது எங்கே போனது என்று தெலுங்கிலும் உருதுவிலும் எழுதிய பலகை. கழிவுநீர் டேங்கர்கள் போன தடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கும் ஏற்பாடு. நாலா ஓரத்தில் குடியிருப்பவர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் கொண்ட வார்டுக் குழு. கழிவு மாதிரி எடுக்கும்போது உடனிருக்க அதற்கு அதிகாரம். கணக்குக் காட்டாத ஆலைக்கு உரிமம் புதுப்பிப்பு இல்லை, அதன் முதலாளி வேறு பெயரிலோ மைத்துனர் பெயரிலோ விண்ணப்பித்தாலும் இல்லை.